கண் தருவது எவ்வளவு, மனம் சேர்ப்பது எவ்வளவு?

கேள்வி இது: "கண்ணுக்கு உண்மையில் கிடைப்பது ஒளியும் நிறத்திட்டுகளும் மட்டும்தான், அவற்றை வைத்துப் பொருள்களை மனமே கட்டிக்கொள்கிறது என்று தத்துவ வகுப்பில் சொல்கிறார்கள். இது சரியா? புலனுணர்ச்சி எங்கே முடிகிறது, காட்சி எங்கே தொடங்குகிறது? நம் நாட்டுத் தத்துவங்களில் இதற்கு இணை உண்டா?"

வகுப்பில் சொன்னது பல நூற்றாண்டுகள் கோலோச்சிய கோட்பாடு. அதில் பாதி சரி. பார்ப்பது என்ற செயலில் கற்றுக்கொண்ட பங்கு நிறைய இருக்கிறது. ஆனால் முதலில் வெறும் நிறத்திட்டுகள் தெரிகின்றன, அப்புறம் மனம் வந்து அவற்றைப் பொருளாக்குகிறது என்ற வரிசை தவறு என்பது என் கருத்து. அந்த வரிசை எங்கிருந்து வந்தது, எதனால் ஆட்டம் கண்டது என்பதை ஒரே ஒரு பழைய புதிரைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம். கோட்பாடுகளைப் பெயர் பெயராக அடுக்கினால் தேர்வுக்கு உதவும், புரிந்துகொள்ள உதவாது.

முதலில் எதிரே இருக்கும் ஒரு பொருளைப் பாருங்கள். மேசை மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அது சாய்வாகத்தான் கண்ணில் படும். கண்ணுக்குள் விழும் உருவம் நீள்வட்டம். ஆனால் என்ன தெரிகிறது என்று கேட்டால் எல்லோரும் "வட்டத் தட்டு" என்றுதான் சொல்வார்கள். ஓவியம் பழகியவர் மட்டும் ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டி அளந்து, நீள்வட்டமாக வரைவார். வகுப்பில் சொல்லும் கோட்பாட்டின்படி நீள்வட்டம்தான் முதலில் கிடைத்தது, வட்டம் பிறகு மனம் போட்ட கணக்கு. அப்படியானால், முதலில் கிடைத்ததைக் கண்டுபிடிக்க ஓவியர் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குப் போவோம்.

கண் எப்படிப் பார்க்கிறது என்பதிலேயே பழங்காலத்தில் சண்டை. கிரேக்கக் கணிதர் யூக்ளிட் கண்ணிலிருந்து கதிர்கள் வெளியே போகின்றன என்று வைத்துக்கொண்டு வடிவியல் செய்தார். நம் நாட்டுத் தர்க்க மரபான நியாயமும் கண்ணின் தேஜஸ் (ஒளி) வெளியே சென்று பொருளைத் தொடுகிறது என்றே வாதாடியது. கெய்ரோவில் இருந்த இபின் அல்-ஹைதம் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஒளியியல் நூலில், பொருளிலிருந்து ஒளிதான் கண்ணுக்கு வருகிறது என்று நிறுவினார். கூடவே இன்னொன்றும் சொன்னார். வெறும் புலனுக்குக் கிடைப்பவை ஒளியும் நிறமும்தான். தூரம், வடிவம், அளவு முதலியவை தீர்மானித்து அறிபவை. பழக்கத்தால் அந்தத் தீர்மானம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுவதால் நமக்கே தெரிவதில்லை. உங்கள் வகுப்புக் கோட்பாட்டின் ஒரு முந்தைய வடிவம் இது.

1604இல் வானியலாளர் கெப்ளர், கண்ணுக்குள் விழித்திரையில் தலைகீழான ஒரு படம் விழுகிறது என்று காட்டினார். அந்தப் படம் எப்படிப் பார்வையாகிறது என்பதற்குள் அவர் போகவில்லை. அது தன் துறை இல்லை என்று நிறுத்திக்கொண்டார். 1637இல் தத்துவவாதி டெகார்த் மாட்டுக் கண்ணின் பின்புறத் தோலைச் சீவி, அந்தப் படத்தை நேரில் பார்க்கும் சோதனையை விவரித்தார். அதே நூலில் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: மூளைக்குள் இன்னொரு ஜோடிக் கண்கள் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அடுத்த தலைமுறை, விழித்திரைப் படம் தட்டையானது, ஆகவே முதலில் நாம் உணர்வதும் தட்டையான ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டது.

சிக்கல் இந்த "ஆகவே"யில் இருக்கிறது. விழித்திரைப் படம் தட்டை மட்டுமா? தலைகீழாகவும் இருக்கிறது, கண்ணுக்கு ஒன்றாக இரண்டு வேறு இருக்கிறது. முதலில் எல்லாம் தலைகீழாக, இரட்டையாகத் தெரிந்து, அப்புறம் மனம் நிமிர்த்தி ஒன்றாக்குகிறது என்று வகுப்பில் யாராவது சொல்கிறார்களா? படத்தின் ஒரு குணத்தை மட்டும் பொறுக்கி எடுத்து அதை உணர்ச்சியின் குணமாக்குவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

இனி புதிர். வில்லியம் மாலினியூ டப்ளின்காரர், 1656இல் பிறந்தவர். சட்டம் படித்து ஒளியியலில் மூழ்கியவர். டெகார்த்தின் "தியானங்கள்" என்ற நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். 1678இல் அவருக்குத் திருமணமானது. சில மாதங்களிலேயே மனைவி லூசி பார்வையை இழந்தார். லென்ஸ்களைப் பற்றி நூல் எழுதிய மனிதரின் வீட்டில் இப்படி. 1688 ஜூலையில் அவர் ஒரு கேள்வியை எழுதி அனுப்பினார், பதில் வரவில்லை. 1693இல் அதையே ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்குக்கு மறுபடி எழுதினார். லாக் அதைத் தன் மனித அறிவு பற்றிய நூலின் இரண்டாம் பதிப்பில், 1694இல், சேர்த்துக்கொண்டார்.

கேள்வி இதுதான். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், ஒரே உலோகத்தால் ஏறக்குறைய ஒரே அளவில் செய்த ஒரு உருண்டையையும் ஒரு கனசதுரத்தையும் தொட்டுப் பார்த்தே வேறுபடுத்தப் பழகியவர். இப்போது அவருக்குப் பார்வை வருகிறது. இரண்டையும் மேசையில் வைக்கிறோம். தொடாமல், பார்த்த மாத்திரத்தில், எது உருண்டை எது கனசதுரம் என்று அவரால் சொல்ல முடியுமா?

முடியாது என்றார் மாலினியூ. முடியாது என்றார் லாக்கும். லாக் இதைப் பயன்படுத்தியது தன் தட்டைக் கோட்பாட்டுக்குத்தான்: உருண்டையைப் பார்க்கும்போது உள்ளே பதிவது பலவித நிழல் படிந்த ஒரு தட்டை வட்டம், திரண்ட உருவம் என்பது பழக்கத்தால் தீர்மானம் மாற்றி வைத்தது. பார்வை புதிதாக வந்தவருக்கு அந்தப் பழக்கம் கிடையாதே.

டப்ளினிலேயே இன்னொருவர், தத்துவவாதி ஜார்ஜ் பார்க்லி, 1709இல் இதை ஒரேயடியாகக் கொண்டுபோய் உச்சியில் நிறுத்தினார். அவருக்கு அப்போது 24 வயது. கண்ணால் காணும் வடிவமும் கையால் தொடும் வடிவமும் ஒன்றே அல்ல என்றார். இரண்டுக்கும் இடையே இருப்பது சொல்லுக்கும் பொருளுக்கும் இருக்கிற உறவுதான். பழகித்தான் தெரியும், பார்த்தவுடன் தெரியாது. தூரமும் அப்படியே. புதிதாகப் பார்ப்பவருக்குச் சூரியனும் நட்சத்திரமும் கண்ணுக்குள்ளேயே இருப்பதுபோலத்தான் தோன்றும். கண்ணுக்குக் கைதான் ஆசிரியர். மறுப்பதற்குக் கை கூசும் அளவுக்கு நேர்த்தியான வாதம் அது. தவறு என்று நினைக்கும்போதும் அதன் கட்டுக்கோப்பை ரசிக்காமல் இருக்க முடிவதில்லை.

எதிர்த்தரப்பில் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ். லாக்குக்குத் தன் பதிலை 1704இல் எழுதி முடித்தார். அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 1765இல்தான் அச்சேறியது. முடியும் என்றார், ஒரு நிபந்தனையோடு: இங்கே இருப்பவை அந்த உருண்டையும் கனசதுரமும்தான் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும். உருண்டையில் தனித்துத் தெரியும் புள்ளி எதுவும் இல்லை, கனசதுரத்துக்கு எட்டு மூலைகள் உண்டு. தொட்டறிந்த வடிவியலும் கண்டறிந்த வடிவியலும் வேறு வேறு அல்ல, யோசித்தால் பிடிபடும். பார்வையற்றோர் வடிவியலில் கரைகண்டவர்களாக இருக்க முடியும் என்பதும் அக்காலத்தில் எல்லோர் கண்ணெதிரே இருந்தது. நிக்கோலஸ் சாண்டர்சன் ஒரு வயதில் அம்மையால் பார்வை இழந்தவர். 1711 முதல் கேம்பிரிட்ஜில், நியூட்டன் வகித்த அதே நாற்காலியில், கணிதப் பேராசிரியர்.

வாய்ச்சண்டை இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் 1728இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசெல்டன், கண்புரையோடு வளர்ந்த 13 அல்லது 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செய்த சிகிச்சை பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். தத்துவ உலகமே அதன் மேல் பாய்ந்தது. பையனுக்கு முதலில் பார்ப்பதெல்லாம் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்ததாம், தோலில் படும் பொருள்போல. பூனை எது நாய் எது என்பது மறந்து மறந்து போகும். திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சம். ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்தான். கைக்கு அது பூனை என்று தெரியும். அதையே உற்று உற்றுப் பார்த்தான். பிறகு கீழே விட்டுவிட்டு, சரி, இனிமேல் உன்னைத் தெரிந்துகொள்வேன் என்றானாம். சுவரில் இருந்த ஓவியங்கள் அவனுக்கு இரண்டு மாதம்போல வெறும் வண்ணம் பூசிய பரப்புகளாகவே இருந்தன. அவை திரண்ட பொருள்களைக் குறிக்கின்றன என்று ஒருநாள் பிடிபட்டதும் கை வைத்துப் பார்த்தான், தட்டையாக இருந்தது. எந்தப் புலன் பொய் சொல்கிறது, தொடுகையா பார்வையா என்று கேட்டான். அவன் இருந்த அறை வீட்டின் ஒரு பகுதி என்று தெரியும். ஆனால் வீடு அறையைவிடப் பெரிதாகத் தெரிய முடியும் என்பது மட்டும் அவனுக்கு விளங்கவே இல்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1738இல் இதைப் பரப்பினார். பார்க்லி வென்றார் என்பது பொதுக் கருத்தாயிற்று. ஆனால் இந்த அறிக்கையை நிதானமாகப் படித்தால் சந்தேகம் வரும். அன்றைய சிகிச்சையில் புரை படிந்த விழிவில்லையை ஊசியால் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடுவார்கள். வில்லை இல்லாத கண்ணில் எல்லாம் மங்கல். அந்த மங்கலில் வடிவம் தெரியவில்லை என்றால், கற்காததால் தெரியவில்லையா, கலங்கலாக இருந்ததால் தெரியவில்லையா? இன்னொரு பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ 1749இல் எழுதிய பார்வையற்றோர் பற்றிய கடிதத்தில் இதைப் பிடித்துவிட்டார்: கண் முதலில் கண்ணாக வேலை செய்யவே நாளாகும், அதற்குமுன் கேள்வி கேட்டுப் பயனில்லை, கேட்கப்படுபவர் படிக்காத சிறுவனா, வடிவியல் அறிந்தவரா என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். (அந்தக் கடிதத்துக்காக அவர் வின்சென் கோட்டைச் சிறையில் கிடந்ததற்குக் காரணம் பூனையும் கனசதுரமும் இல்லை, கடவுளைப் பற்றி அதில் ஒரு பார்வையற்றவர் பேசியது.)

20ஆம் நூற்றாண்டில் உளவியலாளர்கள் ரிச்சர்ட் கிரிகரியும் ஜீன் வாலஸும் 1963இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. எஸ்.பி. என்ற 52 வயதுக்காரர், கைக்குழந்தையிலேயே பார்வை போனவர், கருவிழி மாற்று சிகிச்சை பெற்றார். பார்வையற்றோர் பள்ளியில் மரத்தில் செதுக்கிய ஆங்கிலப் பெரிய எழுத்துகளை (A, B போன்றவை) தடவிக் கற்றிருந்தார். இப்போது அந்த எழுத்துகளைக் கண்ணாலேயே படித்தார். தொட்டுக் கற்றிராத ஆங்கிலச் சிறிய எழுத்துகளை (a, b போன்றவை) படிக்க முடியவில்லை. கையிலிருந்து கண்ணுக்கு ஏதோ ஒன்று நேராகவே தாவியிருக்கிறது. பார்க்லி இது நடக்காது என்றவர். ஆனால் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு கடைசல் எந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆவலாகத் தடவினார், கொஞ்சம் பின்னால் வந்து கண்ணைத் திறந்தார், தொட்டுவிட்டேன், இனிப் பார்க்க முடிகிறது என்றார். இது பார்க்லிக்குச் சாதகம். ஒரே ஆள், இரண்டு பக்கமும் சாட்சி. தவிர, ஆய்வாளர்கள் அவரைச் சந்தித்தது சிகிச்சைக்குச் சில வாரங்கள் கழித்து. அதற்குள் என்னென்ன கற்றாரோ.

புதிருக்கு முறையான சோதனை நடந்தது டெல்லியில். எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா டெல்லியில் படித்து வளர்ந்தவர். சிகிச்சை செய்தால் பார்வை பெறக்கூடிய நிலையில் இருந்தும் பிறவிக் கண்புரையோடு வளர்ந்துவிடும் குழந்தைகள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்பதால், அவர்களுக்கு இலவச சிகிச்சையும் அதோடு ஆய்வும் என்று "பிரகாஷ்" திட்டத்தைத் தொடங்கினார். எட்டு வயது தாண்டிவிட்டால் சிகிச்சையால் பெரிய பயன் இல்லை என்ற மருத்துவ நம்பிக்கைக்கு எதிராகவே தொடங்கிய வேலை அது.

2011இல் வெளியான அந்த ஆய்வில் 8 முதல் 17 வயது வரையான ஐந்து பேர். சிகிச்சை முடிந்து 48 மணி நேரத்துக்குள் சோதனை. குழந்தைகள் விளையாடும் கட்டைகள்போல 20 ஜோடி வடிவங்கள். மங்கலான பார்வைக்கும் தெரியும்படி பெரிதாக, வெள்ளைப் பின்னணியில். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இரண்டைக் காட்டி, முன்னது எது என்று கேட்டார்கள். தொட்டதைத் தொட்டே அடையாளம் காண்பதில் 98 சதவீதம் சரி. பார்த்ததைப் பார்த்தே அடையாளம் காண்பதில் 92 சதவீதம். தொட்டதைப் பார்த்து அடையாளம் காண்பதில் 58 சதவீதம். பூவா தலையா போட்டாலே 50 வரும். ஆக, மாலினியூவுக்கும் லாக்குக்கும் ஆதரவு என்று செய்தி பரவியது. மறுபடி சோதிக்க முடிந்தவர்களிடம் சில நாள்களிலேயே இந்த எண் கணிசமாக ஏறியிருந்தது. அதற்காக யாரும் அவர்களுக்குத் தனிப்பயிற்சி கொடுக்கவில்லை.

செய்தியில் வந்தது 58. தத்துவத்துக்கு எனக்கு முக்கியமாகப் படுவது 92. கையின் உதவி இல்லாமல், சிகிச்சை முடிந்து இரண்டு நாளுக்குள், ஒரு வடிவத்தையும் இன்னொரு வடிவத்தையும் கண் பிரித்துவிடுகிறது. பார்க்லி சொன்னபடி கண்ணுக்கு வடிவம் தெரிய கை பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. மறுதரப்பில் ஜான் ஷ்வெங்க்லர் என்ற தத்துவவாதி ஒரு நல்ல ஆட்சேபத்தை வைத்தார்: 92 சதவீதம் வருவதற்குத் திரண்ட வடிவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கண்ணில் படும் கோட்டுருவம் ஒத்துப்போனாலே போதும். அப்படியானால் கைக்குத் தெரிந்த திரண்ட வடிவத்தோடு ஒப்பிடக் கண்ணிடம் இன்னும் எதுவும் தயாராகவில்லை. 58க்குக் காரணம் அதுவாக இருக்கலாம். புடைப்புக் கோடுகளாலான தட்டை உருவங்களை வைத்தோ, பொருளைச் சுற்றி நடக்கவிட்டோ சோதித்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும் என்பது அவர் வாதம். எஸ்.பி.யின் மர எழுத்துகளை நினைத்தால் இதில் சாரம் இருப்பதாகவே படுகிறது.

அதே டெல்லிக் குழு 2009இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, உங்கள் கேள்விக்கு மாலினியூ சோதனையைவிட நெருக்கமானது. தத்துவ வகுப்புகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லாதது ஆச்சரியம். புதிதாகப் பார்வை பெற்றவர்களிடம், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு சதுரக் கோட்டுருவங்களைக் காட்டி எத்தனை பொருள் என்று கேட்டார்கள். அவர்கள் மூன்று என்றார்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்த துண்டையும் தனிப் பொருளாக எண்ணினார்கள். நிழல் விழுந்த பந்தைக் காட்டினால், வெளிச்சமான பக்கம் ஒரு பொருள், இருண்ட பக்கம் ஒரு பொருள், தரையில் விழுந்த நிழல் இன்னொரு பொருள். பிறகு உருவங்களை அசைத்துக் காட்டினார்கள். சேர்ந்து நகர்பவை உடனே ஒன்றாகத் தெரிந்தன. சதுரம் சதுரமாக, பந்து பந்தாக. பல மாதங்கள் பார்த்துப் பழகிய பின் அசையாத படங்களிலும் அவர்களால் பொருள்களைப் பிரிக்க முடிந்தது.

லாக் எதிர்பார்த்தது இது இல்லை. நிழல் படிந்த ஒரு தட்டை வட்டம் தெரியும், அதை உருண்டை என்று தீர்மானிப்பது மட்டும்தான் பாக்கி என்றார் அவர். டெல்லியில் அந்தத் தட்டை வட்டமே தெரியவில்லை. நிழலை வட்டத்தின் பகுதி என்று சேர்த்தால்தானே அது வட்டமாகும்? அந்தச் சேர்ப்பு இல்லாதபோது துண்டுகள்தான் இருந்தன, அந்தத் துண்டுகளையும் அவர்கள் பொருள்கள் என்றே எண்ணினார்கள். தவறான பொருள்கள், ஆனாலும் பொருள்கள். பொருளே இல்லாத வெறும் நிறப்பரப்பு என்ற அடித்தட்டு இந்தச் சோதனைகளில் எங்கும் அகப்படவில்லை. கண்ணுக்குப் பாடம் சொன்னதும் கை இல்லை, அசைவு. பார்வை தன்னைத்தானே, அசைவை வைத்து, திருத்திக்கொண்டது. லாக்கைவிட பார்க்லிக்கு இது பெரிய அடி.

கற்றதுதான் எல்லாம் என்பவர்களுக்கு இன்னொரு அடி 2015இல் வந்தது. முனைகளில் அம்புக்குறி உள்நோக்கியும் வெளிநோக்கியும் போட்ட இரண்டு சம நீளக் கோடுகளில் ஒன்று நீளமாகத் தெரியுமே, முல்லர்-லயர் மாயை, அதற்குக் காரணம் அறை மூலைகளையும் கட்டட முனைகளையும் பார்த்துப் பழகிய அனுபவம் என்று கிரிகரி விளக்கியிருந்தார். சிகிச்சை முடிந்தவுடனே ஒன்பது குழந்தைகளிடம் காட்டினார்கள். அறை மூலையையே பார்த்திராத அவர்களும் உடனே ஏமாந்தார்கள். 2024இல் கோழிக்குஞ்சுகளை வைத்து மாலினியூ புதிரையே சோதித்தார்கள். இருட்டில் பொரிந்து, வழவழப்பான அல்லது புடைப்புள்ள பொருளோடு இருட்டிலேயே வளர்ந்த குஞ்சுகள், முதன்முதலாக வெளிச்சத்தில் இரண்டையும் கண்டன. வழவழப்போடு வளர்ந்தவை, புடைப்போடு வளர்ந்தவற்றைவிட அதிகமாக வழவழப்பான பொருளை நோக்கிப் போயின. குஞ்சு லைப்னிட்ஸ் கட்சி போலும். மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கையும் கண்ணும் ஒன்றோடொன்று பேச அனுபவம் இருந்தே தீர வேண்டும் என்ற பொது விதி உடைந்துவிட்டது.

இந்தப் பின்னணியில் பாடநூலில் வரும் மற்றப் பெயர்களை விரைவாகப் பார்த்துவிடலாம். தாமஸ் ரீட் 1764இல் உணர்ச்சி வேறு, காட்சி வேறு என்று திட்டமாகப் பிரித்தார். ஆனால் உணர்ச்சி என்பது நாம் பார்க்கும் உள்படம் இல்லை, பொருளை நோக்கி நம்மை இட்டுச்செல்லும் குறி மட்டுமே என்றார். லாக்கைவிட இது எவ்வளவோ மேல். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில், நாம் அறியாமலே நடக்கும் அனுமானம்தான் காட்சி என்றார். இன்று மூளை முன்கூட்டியே ஊகித்துப் பார்க்கிறது என்று பேசும் ஆய்வாளர்கள் அவருடைய பேரப்பிள்ளைகள். ரஸ்ஸல் 1912இல் மேசையை வைத்துக்கொண்டு, நேரடியாக நமக்குத் தெரிவது புலத்தரவுகள் (புலன்களுக்குக் கிடைக்கும் நிறம், வடிவம் போன்ற தோற்றங்கள்) மட்டுமே என்று வாதிட்டார். நம் தட்டைத்தான் வேறு பொருளில் காட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தட்டு வட்டம், தெரிவது நீள்வட்டம், ஆகவே தெரிவது தட்டு இல்லை. தத்துவவாதி ஆஸ்டின் இதைத் தன் ஆக்ஸ்ஃபோர்டு விரிவுரைகளில் நார் நாராகக் கிழித்தார்: சாய்த்து வைத்த வட்டத் தட்டு சாய்த்து வைத்த வட்டத் தட்டுபோலத் தெரிகிறது, இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? உளவியலாளர் கிப்சன் 1979இல் ஒரே இடத்தில் நின்று ஒரே கண்ணால் பார்ப்பதைப் பார்வையின் அளவுகோலாக வைத்ததே கோளாறு என்றார். விலங்கு நடந்துகொண்டே பார்க்கிறது, நகரும்போது ஒளியமைப்பில் மாறாமல் நிற்பதைப் பிடித்துக்கொள்கிறது. டெல்லியில் அசைவு செய்த வேலையைப் பார்த்தால் இந்தக் கூட்டத்தில் கிப்சன்தான் குறியருகே நிற்கிறார் என்பேன்.

நம் மரபில் இணை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நிறையவே உண்டு, அதுவும் மாலினியூவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே. நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் தொடங்குவதே பார்வையாலும் தொடுகையாலும் ஒரே பொருள் கிரகிக்கப்படுகிறது என்ற கூற்றோடுதான். கண்ட குடத்தையே இப்போது தொடுகிறேன் என்று நான் உணர்கிறேன். கண்ணுக்குத் தொடத் தெரியாது, தோலுக்குக் காணத் தெரியாது. ஆகவே இரண்டையும் சேர்த்து அறியும் ஆன்மா ஒன்று உண்டு என்பது அவர்கள் வாதம். பௌத்தர்கள் இதை ஏற்கவில்லை. வசுபந்து தன் அபிதர்மகோச உரையில் வடிவம் என்பதே தனி உண்மைப் பொருள் இல்லை என்றார். இருந்தால் அது இரண்டு புலன்களால் அறியப்படும் ஒன்றாகிவிடும். ஒரு புலனுக்கு ஒரு விஷயம்தானே? பார்க்லி சொன்னதற்கு இவ்வளவு அருகில் வேறு யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று மரபு சொல்லும் பௌத்தத் தர்க்கவாதி திக்நாகர், பெயர், சாதி (பொருள் சேர்ந்த இனம்) முதலிய கற்பனை எதுவும் கலக்காத அறிவே காட்சி என்றார். மணிமேகலையின் 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு இதையே பாடமாகச் சொல்கிறார். அளவைகள், அதாவது அறிவு பெறும் வழிகள், இரண்டே, அவற்றில் காட்சி என்பது சுட்டுணர்வு, நாமம், சாதி, குணம், கிரியை ஆகியவற்றை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவையியலும் பேர், சாதி, குணம், கன்மம் (செயல்), பொருள் என்று ஐந்தைச் சொல்லி, இவை கலவாமல் பொருளின் உண்மை மாத்திரம் அறிவதை விகற்பமில்லாக் காட்சி என்கிறது. உங்கள் வகுப்பில் ஆங்கிலப் பெயர்களோடு வந்த சண்டை தமிழில் செய்யுளாகவே இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே விலக்கப்படுபவை பெயரும் சாதியும். லாக் விலக்கியது ஆழமும் திரட்சியும். பெயர் தெரியாமல் ஒரு பொருளைப் பார்ப்பது நடக்கிற காரியம், செசெல்டனின் பையன் பூனையைப் பார்த்ததுபோல. மேலும் மிதிலையின் நியாய அறிஞர் கங்கேசர் 14ஆம் நூற்றாண்டில் இன்னும் கூர்மையாக ஒன்றைச் சொன்னார்: விகற்பமில்லாக் காட்சி என்பது யாரும் தனக்குள் உணர்ந்து பார்க்கக்கூடியது அன்று, "இது குடம்" என்ற அறிவு உண்டாவதற்கு முன் குடத்தன்மை பற்றிய அறிவு இருந்திருக்க வேண்டும் என்று அனுமானத்தால் மட்டுமே அதை ஒப்புக்கொள்கிறோம். அடித்தட்டு வேண்டுமானால் இருக்கட்டும், அதை அனுபவமாக யாரும் பார்த்ததில்லை. தட்டை வட்டம் முதலில் தெரிகிறது என்று லாக் எழுதியபோது அவருக்கு அருகில் கங்கேசரைப் போல ஒருவர் இருந்து மறித்திருக்கலாம்.

சரி, வடிவம் போகட்டும், நிறமாவது கலப்பில்லாத புலனுணர்ச்சியா என்று நீங்கள் கேட்கலாம். இபின் அல்-ஹைதம் முதல் லாக் வரை எல்லோரும் அதைப் பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2015 பிப்ரவரியில் இணையத்தில் சுற்றிய அந்த உடைப் படம் நினைவிருக்கும்: ஒரே திரையில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களில் சிலருக்கு நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் தங்க நிறமும். கண்ணுக்குள் விழுந்த ஒளி ஒன்றுதான். உடைமேல் விழும் வெளிச்சம் நிழலுடையதா மஞ்சள் விளக்குடையதா என்று அவரவர் பார்வை எடுத்துக்கொண்டதைப் பொறுத்து நிறமே மாறியது. யாரும் முதலில் ஒரு பொது நிறத்தைப் பார்த்து, பிறகு தீர்மானித்ததாகச் சொல்லவில்லை. கண் திறந்தவுடன் நீலம், அல்லது கண் திறந்தவுடன் வெள்ளை. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் லாக்கின் கோட்பாட்டை அவர் சொன்னபடி எழுதிவிட்டு, கீழே இந்த உடையையும் டெல்லிப் பந்தையும் ஆட்சேபமாக வையுங்கள்.